ஒரே வாட்ஸ், ஆனால் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது: பவர் மீட்டரை நம்புவதா, செஸ்ட் ஸ்ட்ராப்பை நம்புவதா?

ஈசிஆர்_விடியல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை செஸ்ட் ஸ்ட்ராப் (மார்பில் கட்டும் துடிப்புமானி) கட்டிக்கொண்டு இதயத்துடிப்பை மட்டும் பார்த்துத்தான் சைக்கிள் பயிற்சி செய்துவந்தேன். இந்த முறை 300 கிலோமீட்டர் பிஆர்எம் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ரைடு) முடிக்க வேண்டும் என்று, மிதிக்கிற சக்தியை வாட்ஸில் அளக்கிற பவர் மீட்டர் ஒன்று வாங்கினேன். இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) மட்டும் வருகிற வகை. இப்போது இரண்டு கருவியும் இரண்டு கதை சொல்கின்றன.

திருவான்மியூரில் விடியற்காலை கிளம்பி மாமல்லபுரம் தாண்டிப் போய்த் திரும்புவது வழக்கம். 140 வாட்ஸிலேயே வைத்து ஓட்டுகிறேன். போகும்போது சராசரித் துடிப்பு 138. திரும்பும்போது அதே 140 வாட்ஸுக்கு 150. கடைசி அரை மணி நேரம் 158 வரை போய்விடுகிறது. பவரைப் பார்த்தால் சாதாரண ரைடு, துடிப்பைப் பார்த்தால் கடினமான ரைடு. எதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பது?

இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டில் இண்டோர் ட்ரெய்னர் (சைக்கிளைப் பொருத்தி வீட்டுக்குள்ளேயே ஓட்டும் கருவி) 160 வாட்ஸ் காட்டும்போது கிராங்க் 152 காட்டுகிறது. ஏற்காடு ஏறியபோதும் கிராங்க் குறைவாகக் காட்டுவதாகத் தோன்றியது. அப்புறம், கிளம்பிய முதல் பத்து நிமிடம் ஸ்ட்ராப் 185, 190 என்று தாவிவிட்டுத் தானாகச் சரியாகிறது.

வயது 41. என் எடை 69 கிலோ. சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்தால் 80. மருந்து எதுவும் எடுப்பதில்லை. கிராங்க் மீட்டரை வைத்து 20 நிமிட டெஸ்ட் செய்ததில் சராசரி 205 வந்தது. அதில் 95 சதவீதம் எடுத்து எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச சராசரி பவர்) 195 என்று வைத்திருக்கிறேன்.

நனைந்த_ஜெர்சி

ஸ்ட்ராப் பிரச்சினை சுலபம். மார்பில் படும் இரண்டு பட்டைகளும் ஈரமாக இருந்தால்தான் இதயத்தின் மின்சிக்னலைச் சரியாகப் பிடிக்கும். கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். நீங்கள் வியர்க்கத் தொடங்கியதும் தானாகச் சரியாகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். தளர்வான ஜெர்சி காற்றில் படபடத்தாலும் நிலைமின்சாரத்தால் இப்படித் தாவும். நனைத்தும் போகவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் பட்டையை அலசிக் காயவையுங்கள். உப்பு படிந்தால் சீக்கிரம் வீணாகிவிடும்.

காற்றுக்கு_எதிரே

முதல் கேள்விதான் முக்கியமானது. உங்கள் விஷயத்தில் இரண்டு கருவியும் உண்மையைத்தான் சொல்கின்றன. பவர் மீட்டர் நீங்கள் பெடலுக்குக் கொடுத்ததை அளக்கிறது. அதைக் கொடுப்பதற்கு உடம்பு எவ்வளவு பாடுபட்டது என்பது துடிப்பில் தெரிகிறது. இரண்டும் வேறு வேறு அளவுகள், அதனால் ஒன்றை வைத்து மற்றதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது. மீதி வெப்பம். நீங்கள் 140 வாட்ஸ் மிதிக்கும்போது ஏறக்குறைய 500 வாட்ஸ் வெப்பம் உடம்புக்குள் உற்பத்தியாகிறது. அதை வெளியேற்ற ரத்தத்தில் ஒரு பகுதி தோல் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. வியர்வையாகப் போகிற நீரில் ரத்தத்தின் திரவப் பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுகிற ரத்தத்தின் அளவு இறங்க, அதே வேலையைச் செய்ய அது அதிக முறை துடித்தாக வேண்டும். இதைத்தான் கார்டியாக் டிரிஃப்ட் என்கிறார்கள். எங்கேயும் நடக்கும். ஆனால் நம் கடற்கரையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது, உடம்பு சரியாகக் குளிர்வதில்லை. அதனால்தான் ஈசிஆரில் இது இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். முதல் பாதியில் 140ஐ 138ஆல் வகுத்தால் 1.014. இரண்டாம் பாதியில் 140ஐ 150ஆல் வகுத்தால் 0.933. சரிவு 8 சதவீதம். பயிற்சியாளர்கள் பொதுவாக 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த நேரத்துக்கு, அந்த வேகத்துக்கு உடம்பு பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். 140 வாட்ஸ் என்பது உங்கள் எஃப்டிபியில் 72 சதவீதம். எண்டியூரன்ஸ் (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம்) வரம்பு 56 முதல் 75 சதவீதம் வரை என்பதால் தாளில் பார்த்தால் சரி. ஆனால் வரம்பின் மேல்முனையில் நிற்கிறீர்கள், அதுவும் வெயிலில்.

நீண்ட ரைடில் நான் செய்வது இது. பவரை வைத்துத் தொடங்குவேன், ஏனென்றால் கிளம்பும்போது துடிப்பு குறைவாக இருக்கும், உற்சாகத்தில் அதிகமாக மிதித்துவிடுவோம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு துடிப்புக்கு ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்வேன். அதைத் தொட்டால் வாட்ஸ் என்னவாக இருந்தாலும் குறைப்பேன். இன்டர்வல் (சில நிமிடம் கடினமாக மிதித்து, இடையிடையே ஓய்வெடுக்கும் பயிற்சி) என்றால் தலைகீழ். மூன்று நிமிட இன்டர்வலில் துடிப்பு மேலே வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போய்விடும். அங்கே பவர்தான் வழிகாட்டி.

ஒரு விஷயத்தில் மட்டும் விவாதமே வேண்டாம். தலை சுற்றல், குளிர் நடுக்கம், குமட்டல் வந்தால் திரையில் எந்த எண் இருந்தாலும் இறங்கி நிழலுக்குப் போய்விடுங்கள்.

இருபது_ஹேர்பின்

நான் சேலம். ஏற்காடு ஏற்றம் எங்கள் வாரக் கடைசி வழி, அதனால் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். பவர் மீட்டர் சரியா என்று பார்க்க மலை நல்ல இடம். வேகம் குறைவு, காற்றின் தடையும் குறைவு, பெரும்பகுதி சக்தி எடையை மேலே தூக்கவே போகிறது.

80 கிலோவை ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 × 9.8 × 600 என்றால் 4,70,400 ஜூல். 3600 விநாடியால் வகுத்தால் 131 வாட்ஸ். டயர் உராய்வு, காற்று, செயின் இழப்பு எல்லாம் சேர்த்தால் பெடலில் சுமார் 150 தேவை. உங்கள் பதிவில் இதே அளவு ஏறிய பகுதியை எடுத்து கிராங்க் சராசரி என்ன என்று பாருங்கள்.

ட்ரெய்னர் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். கிராங்க் செயினுக்கு முன்னால் அளக்கிறது, ட்ரெய்னர் செயினுக்குப் பின்னால். வழியில் இரண்டு மூன்று சதவீதம் போகும் என்பதால் ட்ரெய்னர்தான் குறைவாகக் காட்ட வேண்டும். உங்களுக்கு அதிகமாகக் காட்டுகிறது. எங்கேயோ இடிக்கிறது.

பார்க்க வேண்டியவை: ஜீரோ ஆஃப்செட் (விசை இல்லாதபோது மீட்டரைப் பூஜ்ஜியத்துக்குச் சரிசெய்வது) செய்கிறீர்களா? உள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் கிராங்க் வளைவதைத்தான் அளக்கிறது. வெப்பநிலை மாறினால் உலோகமும் மாறும். சைக்கிளை ஏசி அறையிலிருந்து எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நிறுத்திவிட்டு, பெடலில் கால் வைக்காமல் செய்யுங்கள். ஆப்பில் கிராங்க் நீளம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, உங்கள் மீட்டர் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிறது. வலது கால் பலசாலியாக இருந்தால் மொத்தமும் குறைவாகவே தெரியும்.

ஈசிஆர்_விடியல்

எல்லோருக்கும் நன்றி. பட்டையை நனைத்துக் கட்டினேன், தாவல் நின்றுவிட்டது.

ஏற்காடு பதிவில் 600 மீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம் வருகிற பகுதி கிடைத்தது. கிராங்க் சராசரி 139. ஜீரோ ஆஃப்செட் செய்த பிறகும் ட்ரெய்னர் வித்தியாசம் அப்படியே இருக்கிறது. ஆப்பில் கிராங்க் நீளம் 172.5 என்று இருக்கிறது, என் கிராங்க் 170. இதுதான் காரணமா?

இருபது_ஹேர்பின்

மாற்றிவிடுங்கள், ஆனால் காரணம் அது இல்லை. நீளத்தை அதிகமாகக் கொடுத்தால் பவரும் ஒன்றரை சதவீதம் அதிகமாகத்தான் காட்டும். உங்களுக்கு வேண்டியது குறைவாகக் காட்டுவதற்கான காரணம். மலையில் 150க்கு 139. ட்ரெய்னரின் 160ஐ செயின் இழப்போடு பார்த்தால் பெடலில் 165, கிராங்க் காட்டுவது 152. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதம். இடது கால் 46 சதவீதம்தான் கொடுக்கிறது என்றால் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. இருபக்கமும் அளக்கிற பெடல் யாரிடமாவது இருந்தால் ஒரு ரைடுக்கு இரவல் வாங்கிப் பாருங்கள்.

கடற்கரைக்காரி

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எனக்கு 200 கிலோமீட்டர் முடித்தாலே போதும். பவர் மீட்டருக்குச் செலவழிக்க இப்போது வழியில்லை. கைக்கடிகாரத்தில் வருகிற துடிப்பு போதுமா? அது சில நேரம் சமதளத்திலேயே நிலையாக 88, 90 என்று காட்டுகிறது, எனக்கோ மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

காற்றுக்கு_எதிரே

தோழி, அந்த 88 உங்கள் கேடன்ஸாக, அதாவது நிமிடத்துக்கு எத்தனை முறை பெடலைச் சுற்றுகிறீர்கள் என்ற எண்ணாக, இருக்க வாய்ப்பு அதிகம். கடிகாரம் தோலுக்கு அடியில் ரத்த ஓட்டத்தை ஒளி வைத்துப் பார்க்கிறது. ஹேண்டில்பாரில் மணிக்கட்டு மடங்கி, சாலை அதிர்வும் சேர்ந்தால் அது தாள அசைவைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். செஸ்ட் ஸ்ட்ராப் ஒன்று வாங்குங்கள், 200க்கு அது தாராளமாகப் போதும். 13 மணி 30 நிமிடம் கெடு இருக்கிறது, நிதானமாக ஓட்டினாலே முடிக்கலாம்.

220இலிருந்து வயதைக் கழிக்கிற சூத்திரத்தை வைத்து வரம்பு போடாதீர்கள். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சுலபமாக மாறும். வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் 30 நிமிடம் உங்களால் தாங்கக்கூடிய அதிகபட்ச சீரான வேகத்தில் ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுங்கள். அதுதான் உங்கள் த்ரெஷோல்டு துடிப்பு. நீண்ட ரைடுகளை அதில் 81 முதல் 89 சதவீதத்துக்குள் வையுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதையும் கூடவே பாருங்கள்.

பழைய_ஸ்போக்

இதைப் படிப்பவர்களில் ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இருக்கலாம், அவர்களுக்காக எழுதுகிறேன். பீட்டா பிளாக்கர் வகை மருந்து துடிப்பை மேலே ஏற விடாது. எனக்கும் அப்படித்தான், எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு குறைவாகவே இருக்கும். துடிப்பு வரம்புகளைப் பார்த்து ஓட்டினால் அளவுக்கு மீறி உழைத்துவிடுவோம். மருத்துவரைக் கேட்டுவிட்டு, மூச்சையும் பவரையும் வைத்து ஓட்டுவது நல்லது. தூக்கம் கெட்ட மறுநாளும், காபி குடித்த பிறகும், காய்ச்சல் வரப்போகிற நாளிலும் துடிப்பு மாறும் என்பதை எல்லோரும் நினைவில் வையுங்கள்.

ஈசிஆர்_விடியல்

பெடல் இரவல் கிடைத்தது. இடது 46, வலது 54. ஹேர்பின் அண்ணா சொன்ன அதே எண். அப்படியானால் கிராங்க் காட்டுவதை எட்டு ஒன்பது சதவீதம் உயர்த்திக்கொள்ளட்டுமா? 300க்கு எத்தனை வாட்ஸில் ஓட்டலாம்?

இருபது_ஹேர்பின்

உயர்த்தாதீர்கள். இந்த 46க்கு 54 எல்லா நேரமும் இப்படியே நிற்காது. களைத்தால் மாறும், வேகமாக மிதித்தால் மாறும். உங்கள் எஃப்டிபி 195 அதே கிராங்கில் எடுத்தது, ரைடும் அதே கிராங்கில்தான். இரண்டிலும் குறைவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சதவீதக் கணக்கு பெரிதாகத் தவறாது. ட்ரெய்னர் எண்ணை மட்டும் இதோடு கலக்காதீர்கள். வீட்டில் ஓட்டும்போதும் கிராங்க் எண்ணையே திரையில் வையுங்கள். இடது முழங்காலில் வலியோ பழைய அடியோ இருந்தால் பிசியோவிடம் காட்டுங்கள், இல்லையென்றால் இந்த வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம்.

காற்றுக்கு_எதிரே

300க்கு 20 மணி நேரம் இருக்கிறது. 115 முதல் 125 வாட்ஸில் தொடங்குங்கள். 140 வேண்டாம். உங்கள் த்ரெஷோல்டு துடிப்பு எவ்வளவு?

ஈசிஆர்_விடியல்

168.

காற்றுக்கு_எதிரே

அப்படியானால் அதில் 89 சதவீதம், அதாவது 150 துடிப்பு உங்கள் கூரை. முதல் ஐந்து மணி நேரம் 145க்கு மேல் போகாமல் பாருங்கள். பகல் பத்து மணிக்கு மேல் 100 வாட்ஸுக்கே 150 வந்தால் 100 வாட்ஸிலேயே ஓட்டுங்கள். சாயங்காலம் வெயில் இறங்கினால் துடிப்பும் இறங்கும், அப்போது வாட்ஸைக் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்த நீண்ட ரைடுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். உங்களுக்கு ஒன்றரை கிலோ குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்து. வெறும் தண்ணீராகக் குடிக்காமல் உப்பும் சேருங்கள். பிஆர்எம்முக்கு முன் இரண்டு வாரம் அதே வெயில் நேரத்தில் மெதுவாக ஓட்டிப் பழகினால் ரத்தத்தின் திரவ அளவு கூடும், அதே வாட்ஸுக்குத் துடிப்பு இறங்கும். அந்த வகுத்தல் கணக்கை ஒவ்வொரு ரைடிலும் எழுதி வையுங்கள். 8 சதவீதம் 5க்கு வந்ததும் இங்கே சொல்லுங்கள், அப்புறம் வாட்ஸை ஏற்றுவதைப் பற்றிப் பேசலாம்.