சாபெக்கின் சாலமாண்டர் நாவல்: போர் எப்போதுதான் வரும்?

கரிசல்வாசகி:
வணக்கம். செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 'வார் வித் தி நியூட்ஸ்' (1936) நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பல்லி போன்ற உருவமும் பேசக் கற்கும் அறிவும் உள்ள கடல் சாலமாண்டர்களை மனிதர்கள் வேலைக்குப் பயன்படுத்தும் கதை. அரசுகளின் போர்க் கொள்கையைக் கிழிக்கும் நாவல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாதி முடிந்துவிட்டது. இதுவரை முத்துக்குளிப்பு, கம்பெனிக் கூட்டம், பத்திரிகைத் துணுக்குகள், அடிக்குறிப்புகள் இவ்வளவுதான். போர் எங்கே? தொடர்ந்து படிக்கலாமா?

பழையபேரேடு:
நிறுத்திவிடாதீர்கள், அம்மா. நீங்கள் கடந்து வந்த பக்கங்களிலேயே போர் தொடங்கிவிட்டது.

ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாலமாண்டர் வியாபாரம் செய்யும் கம்பெனியின் தலைவர் ஜி. எச். பாண்டி பங்குதாரர்கள் முன்னால் பேசும் அந்தக் கூட்ட அறிக்கையை இன்னொரு முறை படியுங்கள். முத்து விலை விழுந்துவிட்டது. கைவசம் ஏராளமான சாலமாண்டர்கள் இருக்கின்றன. அவற்றைக் கடலடி வேலைக்கு விற்கலாம் என்று முடிவாகிறது. அப்புறம் வரும் சந்தைப் பட்டியலில் தலைமை, கனம், குழு, சில்லறை வேலை, கழிவு, முட்டைக்குஞ்சு என்று உயிர்களைத் தரம் பிரித்திருப்பார்கள். சரக்குப் பட்டியல் எழுதிப் பழகிய எனக்கு அந்த இடத்தில் வயிற்றைக் கலக்கியது. திட்டுகிற சொல் ஒன்றுகூட இல்லை. வியாபார மொழியை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்.

முதலில் சுறாவிடமிருந்து தப்பிக்கக் கத்தி. பிறகு கரையோரக் காவலுக்கு என்று ஒவ்வொரு அரசும் தன் சாலமாண்டர்களுக்கு ஆயுதம் கொடுக்கிறது. பக்கத்து நாடு கொடுத்துவிட்டதே, நாம் எப்படிச் சும்மா இருப்பது என்ற பயம்தான் காரணம். முதலில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. தலைமைச் சாலமாண்டர் வானொலியில் வந்து, எங்களுக்குக் கடற்கரை போதவில்லை, உங்கள் கண்டங்களை உடைக்கப்போகிறோம், அதற்கு வேண்டிய வெடிமருந்தையும் நீங்களே விற்க வேண்டும் என்று சொல்லும். மனிதர்களும் விற்பார்கள்!

நீலக்கடல்:
ஐயா, இது ஹிட்லரின் ஜெர்மனியைப் பற்றிய நாவல்தானே? சாலமாண்டர்கள் என்றால் நாஜிகள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பழையபேரேடு:
அப்படிச் சுருக்கினால் மற்ற அரசுகளைத் தப்பவிட்டுவிடுவோம், தம்பி. ஜெர்மனிக்கு அடி உண்டுதான். பால்டிக் கடல் சாலமாண்டர் மட்டுமே உயர்ந்த இனம் என்று அங்கே நிறுவும் பகுதி, இனவெறியை நேராகவே தாக்குகிறது. ஆனால் பிரிட்டன், பிரான்ஸ் என்று எல்லோர் கையிலும் அழுக்கு இருக்கிறது. வாடூஸ் மாநாட்டைப் பாருங்கள். கடலே இல்லாத லிக்டன்ஸ்டைனில் கூடுகிறார்கள். சாலமாண்டர்களுக்காக வாதாட மனித வக்கீல்கள். உங்கள் கடற்கரைகளைக் காப்பாற்ற வேண்டுமானால் சீனாவின் மத்தியப் பகுதிகளைக் கொடுத்துவிடுங்கள் என்ற பேரம் அங்கே நடக்கிறது. அடுத்தவன் நிலத்தைக் கொடுத்து அமைதி வாங்குகிற பேச்சு.

நாவல் வந்து இரண்டே வருடத்தில், 1938 செப்டம்பரில், மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் இத்தாலியும் ஜெர்மனியோடு உட்கார்ந்து சாபெக்கின் சொந்த நாட்டின் சுடேடன் பகுதியைத் தூக்கிக் கொடுத்தன. செக்கோஸ்லோவாகியாவுக்கு அந்த மேசையில் இடமே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று சாபெக் நிமோனியாவில் இறந்தார். 1939 மார்ச்சில் ஜெர்மனி பிராகைப் பிடித்ததும் அவரைக் கைது செய்ய நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வீட்டுக்கு வந்தது. இறந்த செய்திகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் யோசெஃப் பிடிபட்டு, 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார்.

கரிசல்வாசகி:
நன்றி ஐயா. அந்தக் கூட்ட அறிக்கையிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். அடிக்குறிப்புகளை விட்டுவிட்டுப் படிக்கலாமா? அச்சு மிகச் சிறியதாக இருக்கிறது.

பழையபேரேடு:
விடாதீர்கள். பொய்ச் செய்தி, விஞ்ஞானி பேட்டி, விளம்பரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இரண்டாம் பாகமே போவோந்த்ரா என்ற வாயிற்காவலர் வெட்டிச் சேர்த்த பத்திரிகைத் துண்டுகளைக் கொண்டு கட்டியது. கண் வலித்தால் ஈவால்ட் ஓசர்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு மின்நூலாகக் கிடைக்கிறதா பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் தன்னோடு தானே பேசுவார். அதை மட்டும் முன்கூட்டியே புரட்டிவிடாதீர்கள்.