மறு: ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ – எல்லா இடத்திலும் ‘சுரண்டல்’ போட்டுவிடலாமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> தெரிந்த சொல் ‘சுரண்டல்’ இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

நம் கலைச்சொல் பட்டியலில் ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சுரண்டல்’ என்று போட, மனிதரைப் பற்றிய இடங்களில் எனக்கும் மறுப்பில்லை. ஆள்கடத்தலுக்கு எதிராக ஐ.நா. 2000இல் கொண்டுவந்த பலெர்மோ நெறிமுறையில் இந்தச் சொல்லுக்குக் கீழே வருபவை கட்டாய உழைப்பு, அடிமைமுறை, பிறரை விபச்சாரத்தில் தள்ளிப் பிழைப்பது, உடல் உறுப்பை எடுப்பது. அங்கே ‘சுரண்டல்’ தவிர எதைப் போட்டாலும் பொய்யாகிவிடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் 2021இல் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2.76 கோடிப் பேர். அவர்கள் நிலைக்கு மென்மையான சொல் தேடுவது அநியாயம்.

நான் மாட்டிக்கொண்டது கடல் சட்டத்தைத் தமிழாக்கும்போது. 1982ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தின் 56ஆம் பிரிவு, கரையோர நாட்டுக்குத் தன் பொருளாதார மண்டலத்தில், அதாவது கரையை அடுத்துத் தனக்கென ஒதுக்கிய கடல் பகுதியில், உள்ள இயற்கை வளங்கள்மீது என்னென்ன இறையாண்மை உரிமைகள் என்று சொல்கிறது. வளங்களைத் தேடலாம், ‘எக்ஸ்ப்ளாய்ட்’ செய்யலாம், பாதுகாக்கலாம், நிர்வகிக்கலாம். கை பழகின வேகத்தில் ‘சுரண்டவும் பாதுகாக்கவும் உரிமை உண்டு’ என்று அடித்துவிட்டு, மறுநாள் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சுரண்டுவதற்கு உரிமை கொடுக்கும் சட்டம் எங்கே இருக்கிறது?

இதே தொல்லை ஆழ்கடலிலும் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம், கனிமம் தேடுவதற்கு 2000லிருந்தே விதிகள் வைத்திருக்கிறது. எடுப்பதற்கான விதிகளைப் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றுக்குச் ‘சுரண்டல் விதிகள்’ என்று பெயர் வைத்தால் எதிர்ப்பாளர்கள் கைதட்டுவார்கள். ஆனால் ஆவணம் அப்படிப் பேசவில்லையே.

‘சுரண்டு’ என்ற வினையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சட்டி அடியில் ஒட்டியதையோ சுவரில் காய்ந்த சுண்ணாம்பையோ நகத்தால், தகரத்தால் கீறி எடுப்பது. எடுப்பவனுக்குக் கிடைப்பது தூள். கீறல் விழுவது சுவரில். சொல்லுக்குள்ளேயே குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அது நல்ல சொல், அதனால்தான் 56ஆம் பிரிவுக்கு ஆகாத சொல்.

குழுவில் வந்த மற்றவை: ‘அகழ்வு’ சுரங்கத்துக்கு மட்டும் பொருந்தும், மீனையும் மரத்தையும் யாரும் அகழ்வதில்லை. ‘பயன்பாடு’ ரொம்பத் தளர்வு, விளக்கைப் போடுவதும் பயன்பாடுதான். ‘வளமெடுப்பு’ காதுக்கு நன்றாக இருந்தது. ஆனால் அரசு நிலத்தைக் கையகப்படுத்துவதை ‘நில எடுப்பு’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, வீட்டுக்கு நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கும்.

நான் ‘பயன்கொள்ளல்’ என்று முன்வைக்கிறேன். பயன்கொள்ளும் உரிமை, பயன்கொண்ட பரப்பு, பயன்கொள்ளா வளம் என்று தடங்கல் இல்லாமல் திரும்புகிறது.

அன்புடன்.

-----

வணக்கம் ஐயா.

> பயன்கொள்ளல்

நன்றாக வெளுத்துத் துவைத்த சொல். நவூருவை என்ன செய்வீர்கள்? பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு நாடு. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக ஓர் ஆணையம் வைத்து அங்கே பாஸ்பேட் வெட்டின. உலகச் சந்தை விலைக்கும் கீழே தங்கள் வயல்களுக்கு உரமாகக் கொண்டுபோயின. காகிதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெட்டிய இடத்தில் இன்று பவளச் சுண்ணாம்புக் கூம்புகள் ஆள் உயரத்துக்கு மேல் பல்வரிசை போல நிற்கின்றன. இடையில் இறங்கினால் விதை போட ஒரு பிடி மண் கிடையாது. இதைப் ‘பாஸ்பேட் பயன்கொள்ளல்’ என்று எழுத உங்களுக்குக் கை வருமா?

இன்னொன்று. மனிதருக்குச் சுரண்டல், மண்ணுக்குப் பயன்கொள்ளல் என்று பிரித்துவிட்டால், மண் போனதால் மனிதர் கெட்ட கதையை எந்தச் சொல்லில் எழுதுவது?

-----

அம்மா, கை வராது. ஒப்புக்கொள்கிறேன்.

மண்ணுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என்று நான் எழுதியது போலத் தோன்றியிருந்தால் அது என் பிழை. யார் பேசுகிறார்கள் என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நீங்கள் சொன்ன நவூருவே 1989இல் ஆஸ்திரேலியாவைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1993இல் ஆஸ்திரேலியா இழப்பீடு தர இசைந்து வழக்கு முடிந்தது. அந்த வழக்கைத் தமிழில் எழுதுகிறவருக்கு இரண்டு சொல்லும் வேண்டும். வெட்டியவரின் காகிதம் ‘பயன்கொள்ளல்’ என்கிறது, தீவு ‘சுரண்டல்’ என்கிறது. இரண்டு தரப்பு வாயிலும் ஒரே சொல்லைப் போட்டால், சண்டை எதைப் பற்றி என்றே வாசகருக்குப் புரியாது.

வெளுப்பு பற்றிய உங்கள் பயம் நியாயம். ஒப்பந்தமோ உரிமமோ தன் குரலில் பேசும் இடத்தில் மட்டும் ‘பயன்கொள்ளல்’. கட்டுரையாளர் நடந்ததைச் சொல்லும்போது, பாறையானாலும் ஆளானாலும், ‘சுரண்டல்’. இந்தக் குறிப்பு இல்லாமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்றே சொல்வேன்.

ஒரு வேடிக்கை: கொள்ளையும் ‘கொள்’ வேரில் முளைத்ததுதான். உங்கள் சந்தேகத்தைச் சொல்லே தன் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

மீன்வளத்தில் வரும் ‘ஓவர் எக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்பதற்கு ‘மிகைக்கொள்ளல்’ என்று எழுதிப் பார்த்தேன், உடன்படவில்லை. அப்புறம் ‘அளவுமீறிப் பயன்கொள்ளல்’ என்று நீட்டினேன், அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். 56ஆம் பிரிவைத் திருத்தி இன்றிரவு அனுப்புகிறேன்.