தம்பி தர்றேன்னு சொன்னான், டாக்டர் வேண்டாமென்றார்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி ரத்தமாகப் போகிற நோய், ஆறு வருஷமாக. வாலாஜாவிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறுவதென்றால் முந்தின ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுகிற ஜாதி நான்.

போன வருஷம் மெசலமின் என்கிற குடல் வீக்க மாத்திரையில் எல்லாம் அடங்கியிருந்த நேரத்தில், மருந்துக்கடையில் ஒருவர் 'நல்ல பாக்டீரியா' பாக்கெட்டை நீட்டி, இதைக் குடித்தால் மாத்திரையே தேவைப்படாது என்றார். ஆசைதானே, நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம் ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கடைக்காரரைத் திட்டி என்ன, நிறுத்தியது நான்.

அப்புறம் டாக்டரிடம், நல்ல பாக்டீரியாவுக்காக ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து நம் குடலில் செலுத்துகிறார்களாமே, அது எனக்குச் சரிவருமா என்று கேட்டேன். கூட வந்த தம்பி, "நானே குடுக்கறேண்ணா, கல்லத் தின்னாலும் செரிக்குது எனக்கு" என்றான். டாக்டர் சிரிக்கவே இல்லை. சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அவனைக் கேட்டார். போன மாசம்தான் பல்வலிக்கு ஐந்து நாள் போட்டிருந்தான். அந்த மருந்து நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடுமாம், அதோடு முடிந்தது. அது இல்லாவிட்டாலும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ், மருந்துக்கு அடங்காத கிருமி என்று ரத்தத்தையும் மலத்தையும் சலித்துப் பார்த்த பிறகுதான் எடுப்பார்களாம்.

2019இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். என் நோயே உள்ள 73 பேர், பாதிப் பேருக்கு அடுத்தவர் மலம், மீதிப் பேருக்கு அவரவர் மலமே, யாருக்கு எது என்று சொல்லாமல். எட்டாவது வாரம் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியது முதல் கூட்டத்தில் 32 சதவீதம், இரண்டாவதில் 9. பலன் இருக்கிறது, ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு அடங்கவில்லையே! அமெரிக்காவில் 2022, 2023இல் அனுமதி கிடைத்த, மலத்திலிருந்து செய்த இரண்டு மருந்துகளும் திரும்பத் திரும்ப வரும் டிஃபிசில் என்கிற பேதிக் கிருமித் தொற்றுக்குத்தான், நம் நோய்க்கு இல்லை.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்:
என் அம்மாவுக்கு கிரோன்ஸ், உங்களுடையது மாதிரியே குடல் வீங்கிப் புண்ணாகிற நோய். பாக்கெட் கதை எங்கள் வீட்டிலும் நடந்தது, 1,800 ரூபாய் போச்சு. ஆனால் பாக்டீரியா விஷயத்தையே பொய் என்று தள்ளிவிடாதீர்கள். நம்ம வேலூர் சி.எம்.சி.யிலேயே காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத சோள மாவைக் கலந்து கொடுத்துப் பார்த்து, 2000இல் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த மாவு பெருங்குடல் வரை போய், அங்கே இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலமாக்க, குடல் உப்பையும் தண்ணீரையும் திரும்ப உறிஞ்ச, பேதி சீக்கிரம் குறைந்தது. வேறு நோய்தான், ஆனால் வேலை செய்தது குடலில் இருந்த பாக்டீரியா. அது சரி, பழைய சோறு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

முதலில் எழுதியவர்:
அடங்கியிருக்கும்போது ஒத்துக்கொள்கிறது, வெங்காயம் கடிக்காமல். ரத்தம் போகிற நாளில் தொடுவதில்லை. மாத்திரை மறுபடி தினமும். தம்பிதான், ஆன்டிபயாடிக் போட்டு மூணு மாசம் ஆகட்டும், திரும்பக் கேட்டுப் பார்ப்போம் என்கிறான்.