போர்க்கால வனச் சித்திரக்கதையா, பிற்கால மறுபதிப்பா?

கேள்வி – தக்கலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் தாய்மாமாவின் டிரங்குப் பெட்டியில், ராணி காமிக்ஸ் கட்டுகளுக்கு அடியில் ஆங்கிலச் சித்திரக்கதை இதழ் ஒன்று கிடைத்தது. சிறுத்தைத் தோல் உடுத்திய ஷீனா என்னும் காட்டரசி அட்டையில் ஈட்டியை ஓங்கி நிற்கிறாள். பத்து சென்ட் என்ற விலை தெரிகிறது. மேல் ஓரத்தை மட்டும் ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து இதழ் என்று மாமா சொல்லி வந்தாராம். அதை உறுதி செய்வது எப்படி? மழைக்காலம் நெருங்குவதால் உடனே லேமினேட் செய்துவிடலாமா?

மறுமொழி 1 – நாகர்கோவில் சேகரிப்பாளர்

விலையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், தம்பி. அமெரிக்காவில் 1930களின் நடுவிலிருந்து 1960களின் தொடக்கம் வரை பெரும்பாலான சித்திரக்கதை இதழ்களின் விலை பத்து சென்ட்தான்.

ஷீனாவை உருவாக்கியவர்கள் வில் ஐஸ்னரும் ஜெர்ரி ஐகரும். ஃபிக்‌ஷன் ஹவுஸ் நிறுவனம் 1938இல் தொடங்கிய ஜம்போ காமிக்ஸின் முதல் இதழிலேயே அவள் வந்துவிட்டாள். 1942இல் அவள் பெயரிலேயே தனி இதழும் வெளிவந்தது. அதே நிறுவனத்தின் ஜங்கிள் காமிக்ஸ் 1940இல் தொடங்கியது. உங்கள் கையில் இருப்பது அந்தக் காலத்து இதழ் என்றால், முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உட்புறத்திலோ பொடி எழுத்தில் பதிப்பக விவரமும் மாதமும் ஆண்டும் இருக்கும். அடுத்ததாகப் பக்கங்களை எண்ணுங்கள். போர் தொடங்கிய நேரத்தில் அட்டையோடு சேர்த்து 68 பக்கம் வந்த இதழ்கள், காகிதக் கட்டுப்பாட்டால் 60 ஆகவும் பின்னர் 52 ஆகவும் மெலிந்தன. போர்க்கடன் பத்திரங்களை வாங்கச் சொல்லும் வாசகங்களும் அக்கால இதழ்களில் அடிக்கடி தென்படும்.

ஆசிரியர் பெயரை நம்பிக் காலத்தைக் கணிக்க முயல வேண்டாம். ஷீனா கதைகளில் அச்சான டபிள்யூ. மார்கன் தாமஸ் என்பது பலரும் மாறிமாறி எழுதிய ஒரு புனைபெயர்.

மறுமொழி 2 – கீரிப்பாறை ஆசிரியை

ஐயா சொன்னவற்றோடு கதையின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். போர்க்காலத்தில் இக்கதைகளின் காடுகளுக்குள் நாஜி ஒற்றர்களும் ஜப்பானியச் சிப்பாய்களும் நுழைந்தார்கள். லீ ஃபாக் 1936இல் தொடங்கிய வேதாளர் (ஃபேண்டம்) தொடரிலும் ஜப்பானியப் படையெடுப்பை எதிர்க்கும் நீண்ட கதை ஒன்று அந்நாள்களில் வந்தது.

ஆண் ஓவியர் பலர் படைக்குச் சென்றதால் பெண்களுக்கு வாய்ப்புக் கிடைத்த காலமும் அதுவே. வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த லில்லி ரெனே ஃபிக்‌ஷன் ஹவுஸில் வரைந்தார். ஜங்கிள் காமிக்ஸில் வந்த காமில்லா என்னும் காட்டுப்பெண்ணை வரைந்தவர்களில் ஃபிரான் ஹாப்பரும் ஒருவர். கறுப்பினக் கலைஞர் மாட் பேக்கரும் 1944இல் ஷீனா கதையின் வழியாகத்தான் இத்துறைக்குள் வந்தார்.

ஆனால், வெள்ளைத்தோல் கொண்ட ஒருவரின் சொல்லுக்கு ஆப்பிரிக்கக் காடே கட்டுப்படும் என்ற பார்வை ஏறத்தாழ எல்லாக் கதைகளிலும் இருந்தது. வரைகலையை வியந்துகொண்டே இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காட்டைப் பற்றிய அறிவும் அப்படியே! 1912இல் டார்ஜான் பத்திரிகைத் தொடராக வந்தபோது ஆப்பிரிக்காவில் புலியே உலவியது. நூலாக்கும்போதுதான் அதைப் பெண்சிங்கமாக மாற்றினார்கள். எங்கள் ஊர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளரைக் கேட்டிருந்தால் முதலிலேயே திருத்தியிருப்பார்.

தக்கலை வாசகர்

இருவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், அட்டை நீங்கலாக 32 பக்கங்களே உள்ளன. மாதமோ ஆண்டோ எங்கும் இல்லை. அட்டையில் ஐ.டபிள்யூ. என்ற சிறு முத்திரை இருக்கிறது.

மறுமொழி 3 – நாகர்கோவில் சேகரிப்பாளர்

அப்படியானால் இது மறுபதிப்புத்தான். ஐ.டபிள்யூ. என்டர்பிரைசஸ் 1958 முதல் 1964 வரை, மூடப்பட்ட நிறுவனங்களின் பழைய கதைகளைத் தேதியே போடாமல் மலிவாக அச்சிட்டு விற்றது. சந்தையில் மூல இதழுக்கு நிகரான விலை இதற்குக் கிடைக்காது.

இருந்தாலும் லேமினேட் செய்ய வேண்டாம். மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாத செய்தித்தாள் காகிதம் இது. அதில் ஊறும் அமிலமே காகிதத்தை மஞ்சளாக்கி நொறுக்குகிறது. சூடான பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டால் அமிலம் உள்ளேயே தங்கிவிடும். உறையைப் பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் கூடாது. அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்துப் பாலியெஸ்டர் உறையில் இடுங்கள், பி.வி.சி. உறை வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்தில் பெய்வதால், சுவரை ஒட்டாத இரும்பு அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அவற்றை அவ்வப்போது மாற்றுங்கள். பாச்சை உருண்டை காகிதத்தில் படக் கூடாது. நடுப்பக்கத்துக் கம்பிப் பின் துருப்பிடித்திருந்தால் இழுக்காமல், அதன் மடிந்த முனைகளை மெல்ல நிமிர்த்தி, இதழின் முதுகுப்பக்கமாக எடுத்துவிடுங்கள்.

மேலே இருந்த ராணி காமிக்ஸ் கட்டுகளையும் இதே முறையில் பிரித்து வையுங்கள். பூச்சி அவற்றிலிருந்தும் வந்திருக்கலாம்.