ஊர்வன வளர்ப்போர் அனுபவப் பகிர்வு: யூவிபி விளக்கைச் சரியாகப் பொருத்துவது

பியர்டட் டிராகன் என்ற பல்லியை வாங்கியதும் எல்லோரும் கேட்பது "எந்த பல்பு வாங்கலாம்?" என்றுதான். வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் (யூவி) தோலில் பட்டால்தான் அதன் உடலில் வைட்டமின் டி3 உருவாகும், கூண்டுக்குள் அதைத் தருவதுதான் இந்த பல்பு. பல்பு பாதி வேலைதான் செய்யும். அது எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, நடுவில் கம்பி வலை உண்டா, பின்னால் ரிஃப்ளெக்டர் உண்டா, பிராணி எங்கே ஏறி உட்காருகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அதன் முதுகில் விழும் யூவியின் அளவு அமைகிறது. அட்டைப்பெட்டியில் இருக்கும் 5.0, 10.0, 12% என்ற எண்கள் அந்தக் குழாய் எந்த ரகம் என்பதை மட்டும் சொல்லும். உங்கள் கூண்டில் முதுகில் எவ்வளவு விழும் என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது.

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரக் கூண்டுக்கு ஒழுங்காக வேலை செய்யும் அமைப்பைச் சொல்கிறேன். டி5 எச்ஓ வகை (ஒல்லியான, அதிக ஒளி தரும் ரகம்) 39 வாட் குழாய், சுமார் 85 செ.மீ. நீளம், ஆர்கேடியா பிராண்டு என்றால் 12%, ரெப்டிசன் பிராண்டு என்றால் 10.0. பளபளப்பான அலுமினிய ரிஃப்ளெக்டரோடு கூண்டுக்குள்ளேயே கூரையில் பொருத்துங்கள். ரிஃப்ளெக்டர் இல்லாவிட்டால் கீழே இறங்கும் யூவி ஏறக்குறைய பாதியாகிவிடும். குழாயிலிருந்து முதுகுக்கு 38 முதல் 45 செ.மீ. இருக்கட்டும். வலைக்கு மேலே வைப்பதாக இருந்தால் 25 முதல் 30 செ.மீ.

கூண்டு 60 செ.மீ. உயரம், ஃபிட்டிங் 5 செ.மீ. கீழே இறங்கும் என்று வையுங்கள். குழாய் தரையிலிருந்து 55 செ.மீ.யில் இருக்கும். 40 செ.மீ. இடைவெளி வேண்டுமென்றால் முதுகு 15 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். பிராணியின் உடலுக்கு 5 செ.மீ. கழித்தால் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு தரையிலிருந்து 10 செ.மீ. கல்லை இஷ்டத்துக்கு வைத்துவிட்டு விளக்கை அதற்கேற்ப இழுக்காமல், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கல்லை வையுங்கள்.

சூடு தரும் ஹாலோஜன் விளக்கு குழாயின் அதே பக்கம் இருக்க வேண்டும். கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ். சூடு ஒரு மூலையிலும் யூவி இன்னொரு மூலையிலும் இருந்தால் பிராணி சூட்டைத்தான் தேடிப் போகும், யூவி வீணாகும். தோலில் யூவிபி பட்டு உருவாகும் பொருள் டி3 ஆக மாறுவதற்கும் உடல் சூடு வேண்டும். குழாய் கூண்டின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நீண்டால் போதும். மறுகோடி நிழலாக இருக்கட்டும்.

* * *

மேலே சொன்ன தூரங்கள் நல்ல தொடக்கம். கடைசி வார்த்தை மீட்டருடையது. 'சோலார்மீட்டர் 6.5' என்ற கருவி யூவி இண்டெக்ஸை, அதாவது யூவியின் வலிமையைச் சொல்லும் எண்ணை, காட்டும். விலை அதிகம்தான், ஒரே ஊரில் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். விளக்கை அரை மணி நேரம் எரியவிட்டு, பிராணியின் முதுகு வரும் உயரத்தில் மீட்டரைப் பிடித்து, சென்சாரை விளக்கை நோக்கி வையுங்கள். பிராணி எட்டக்கூடிய மிக உயரமான கிளையிலும் அளந்து பாருங்கள். கல்லில் 4 காட்டும்போது, அது தொற்றி ஏறும் கிளை நுனியில் 9 காட்டினால் அந்தக் கிளையை அகற்ற வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு அடிப்படை, கேரி ஃபெர்குசன் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு. பல்லிகளும் பாம்புகளும் காட்டில் தாமாகத் தேடிப் போகும் யூவியை அளந்து நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். முதல் மண்டலம், அந்தி நேரத்திலோ நிழலிலோ வாழ்பவை: நாள் சராசரி யூவி இண்டெக்ஸ் 0.7 வரை. இரண்டாவது 0.7 முதல் 1.0. மூன்றாவது, அவ்வப்போது நேரடி வெயில் காய்பவை: 1.0 முதல் 2.6, உச்சம் 2.9 முதல் 7.4. நான்காவது நடுப்பகல் வெயிலிலும் வெளியே இருப்பவை: 2.6 முதல் 3.5. பியர்டட் டிராகன் மூன்றாவது மண்டலம். கல்லின் மேல் 3 முதல் 5 வரை கிடைத்து, நிழலில் பூஜ்யத்துக்கு இறங்கினால் போதும். இந்த ஏற்ற இறக்கம் முக்கியம். தனக்குத் தேவையானதைப் பிராணியே எடுத்துக்கொள்ளும். விலகிப் போக இடம் கொடுப்பது நம் வேலை.

கம்பி வலை 30 முதல் 50 சதவீதம் வரை தின்றுவிடும். நெருக்கமான கொசுவலை என்றால் இன்னும் மோசம். சாதாரணக் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். ஜன்னலோரம் வைத்த தொட்டிக்குக் கிடைப்பது வெளிச்சமும் சூடும் மட்டும்தான்.

* * *

மின்சாரப் பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 39 வாட் டி5 எச்ஓ குழாயும் கடைத்தெருவில் கிடைக்கும் 21 வாட் சாதாரண டி5 குழாயும் ஒரே நீளம், 849 மி.மீ. முனையும் ஒன்றே. 54 வாட்டும் 28 வாட்டும் அதேபோல 1149 மி.மீ. அதனால் யூவிபி குழாய் சாதாரண ஃபிட்டிங்கில் பொருந்தும், எரியவும் செய்யும். ஆனால் அந்த ஃபிட்டிங்கின் பேலஸ்ட் (குழாய்க்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் தரும் பகுதி) தரும் மின்னோட்டம் குறைவு, வர வேண்டிய யூவி வராது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் ஆபத்து. பேலஸ்ட் மேல் 1x39 வாட் எச்ஓ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்போது விற்கும் எல்இடி பேட்டன்களில் பேலஸ்ட்டே கிடையாது, அவற்றில் இந்தக் குழாயைப் போட முடியாது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த முழு ஹூட் (குழாய், ஃபிட்டிங், பேலஸ்ட் சேர்ந்தது) 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைந்துவிடும். குழாயை மட்டும் எடுத்து இங்கே வாங்கிய எச்ஓ பேலஸ்ட்டில் போட்டால் சரியாக எரியும். சூடும் யூவியும் சேர்த்துத் தரும் மெர்குரி வேப்பர் பல்பு அப்படியல்ல: பேலஸ்ட் பல்புக்குள்ளேயே இருப்பதால் 230 வோல்ட் பல்பே வேண்டும். அதை டிம்மரிலோ தெர்மோஸ்டாட்டிலோ மாட்டவும் கூடாது. கரண்ட் போய்வந்தால் ஆறும்வரை மறுபடி எரியாது. மின்வெட்டு உள்ள ஊரில் டி5 குழாயே மேல்.

வாங்கிய தேதியை மார்க்கரில் குழாயின் முனையில் எழுதிவிடுங்கள். டி5 எச்ஓ என்றால் 12 மாதம், பழைய தடித்த டி8 என்றால் 6 மாதம். வெள்ளை வெளிச்சம் அதன்பிறகும் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் குறைந்துகொண்டே வரும். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறியதும் குழாயையும் ரிஃப்ளெக்டரையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

* * *

நீர் ஆமைக்காரர்களுக்காக. சிவப்புக் காது ஆமையும் மூன்றாவது மண்டலம்தான். தண்ணீருக்கு மேலே, முழு உடலும் உலரும்படி ஒரு மேடை. அதன் மேல் 3 முதல் 4 யூவி இண்டெக்ஸ். மேடையின் சூடு 32 முதல் 35 டிகிரி. தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் தெறித்தால் சூடான பல்பு வெடிக்கும், ஆகவே ஈரம் தாங்கும் ஃபிட்டிங் அவசியம்.

மீன் கடையில் "யூவி லைட்" என்று கேட்டால் பல இடங்களில் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் குழாயை எடுத்துக் கொடுப்பார்கள். அது 254 நானோமீட்டர் யூவிசி, கிருமி கொல்லி. ஆமையின் கண்ணையும் தோலையும் எரித்துவிடும், உங்கள் கண்ணையும்தான். நமக்கு வேண்டியது ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர். கொசு பிடிக்கும் நீல விளக்கிலும் நோட்டுச் சோதிக்கும் விளக்கிலும் இருப்பது யூவிஏ, அதனால் டி3 உருவாகாது.

தமிழ்நாட்டில் மொட்டை மாடி இருந்தால் வெயிலை விடச் சிறந்த விளக்கு இல்லை. காலை வெயிலில் பிளாஸ்டிக் தொட்டி, பாதிக்கு மேல் நிழல், காக்கையும் பூனையும் வராதபடி மேலே அகலக் கண்ணுள்ள வலை, பக்கத்தில் ஆள். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள், சில நிமிடங்களிலேயே உள்ளே வெந்துவிடும். சித்திரை உச்சி வெயிலில் யூவி இண்டெக்ஸ் 10-ஐத் தாண்டும், அந்த நேரம் வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நட்சத்திர ஆமையை இந்தியாவில் வீட்டில் வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கையில் இருந்தால் வனத்துறையிடம் பேசுங்கள், விளக்கைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

* * *

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி, பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு: முதல் மண்டலம். 5 முதல் 7 சதவீதக் குழாய், யூவி இண்டெக்ஸ் 0.5 முதல் 1 வரை போதும். ஆல்பினோ (தோலில் நிறமி இல்லாதது) என்றால் அதிலும் பாதி. ஒளிந்துகொள்ள இரண்டு பொந்தாவது வேண்டும்.

* * *

தவறு நடந்தால் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருந்தார். யூவி அதிகமானால் கண்ணை மூடிக்கொண்டே இருக்கும், கண் வீங்கும், விளக்கை விட்டு ஒதுங்கும். விளக்கை அன்றே அணைத்து, தூரத்தைச் சரிபாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தாலும் இது வரும். மேலிருந்து வரும் ஒளியைப் புருவ மேடு மறைக்கும், பக்கத்திலிருந்து வருவதை மறைக்காது.

குறைந்தால் மெதுவாகத் தெரியும்: விரல் நடுக்கம், வயிற்றைத் தூக்காமல் இழுத்து நடப்பது, தாடை ரப்பர் போல் வளைவது, ஆமைக்கு ஓடு மெத்தென்று ஆவது. டி3 இல்லாததால் குடல் கால்சியத்தை உறிஞ்சவில்லை, உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் புது விளக்கு மட்டும் காப்பாற்றாது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும், கால்சியம் மருந்து தேவைப்படும். வளைந்த எலும்பு பெரும்பாலும் நேராகாது.

விளக்கு சரியாக அமைந்தபின் பூச்சிகள் மேல் தூவ டி3 இல்லாத கால்சியம் பொடி போதும். டி3 கலந்த பொடியை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். வெயிலில் கூடுதலாக உருவாவதைத் தோலே வேறு பொருளாக மாற்றி ஒதுக்கிவிடும். வாய்வழி போன டி3-க்கு அந்தத் தடுப்பு கிடையாது, அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும்.