42 நெருக்குது, 43 வாங்கலாமா? சைக்கிள் ஷூ போட்டுப் பார்ப்பது எப்படி?

எதிர்காற்று:
ரோடு பைக், மூணு ஓட்டை கிளீட் (ஷூவைப் பெடல்ல பூட்டுறதுக்கு சோல் அடியில முடுக்குற கட்டை), ஷூ 42. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தாண்டினதும் இடது சுண்டுவிரல் பக்கம் எரிய ஆரம்பிச்சு, அப்புறம் மரத்துப் போகுது. நின்னு அளந்தப்ப பாதம் நீளம் 265 மி.மீ., அகலம் 104. ஒரு சைஸ் ஏத்தி 43 வாங்கலாம்னு நினைக்கிறேன். கடையில போட்டு நாலடி நடந்தா எல்லா ஷூவும் நல்லாத்தான் இருக்கு. வண்டியில ஏறினப்புறம்தான் வண்டவாளம் தெரியுது. போட்டுப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்?

மிதிகட்டை:
43ஐ மறந்துடுங்க. ஐரோப்பிய அளவுல ஒரு எண் ஏறினா நீளம் 6.67 மி.மீ. கூடும், அகலம் கூடுறது சொற்பம். உங்களை இடிக்கிறது அகலம். நீளத்தைக் கூட்டினா குதிகால் உள்ளே ஆடும், பாதக்குழிக்கான மேடு இடம் மாறி உட்காரும். அந்த ஆட்டத்தை அடக்க டயலை (ஷூவை இறுக்குற திருகு) இறுக்குவீங்க, திரும்பவும் மரத்துப் போகும். ஷிமானோ கம்பெனியோட அளவு அட்டவணையில 26.5 செ.மீ. பாதத்துக்கு 42தான். அதே 42லயே அகலமான வார்ப்பு சில மாடல்களுக்குத் தனியா வருது. சிடி (Sidi) கம்பெனி ஷூன்னா அந்த அகல வார்ப்பை 'மெகா'ன்னு கேட்கணும்.

கடைக்குச் சாயங்காலம் போங்க, காலையைவிட அப்போ பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடுற அதே சாக்ஸ் கையில இருக்கட்டும். ஷூவுக்குள்ள காலை விடுறதுக்கு முன்னாடி இன்சோலை உருவித் தரையில வச்சு, குதிகாலை அதோட பின் ஓரத்துக்குச் சரியா வச்சு, முழு எடையையும் போட்டு நில்லுங்க. நீளமான விரலுக்கு முன்னாடி 5 முதல் 8 மி.மீ. மிச்சம் இருந்தா போதும் (பலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதைப் பாருங்க). ஓட்டப்பந்தய ஷூ மாதிரி கட்டைவிரல் அகல இடைவெளி வேண்டாம், இந்த சோல் வளையாது, அதனால பாதம் முன்னாடி தள்ளாது. பக்கவாட்டில சதை ரெண்டு மி.மீ. வழிஞ்சா சரி. சுண்டுவிரல் அடியில இருக்கிற எலும்பு முடிச்சே ஓரத்தைத் தாண்டி நின்னா, அந்த ஷூவை அலமாரிக்கே அனுப்பிடுங்க.

அடுத்து, எல்லாப் பட்டையையும் முழுசாத் தளர்த்திக் காலை விட்டு, குதிகாலைத் தரையில ரெண்டு தட்டு தட்டுங்க. முன்பட்டை தொட்டுக்கிட்டு மட்டும் இருக்கணும், பிடிப்பு மேல்பட்டையில. இறுக்கினப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணோடொண்ணு முட்டிச்சுன்னா உள்ளே இடம் அதிகம்.

குதிகால் கழலுதான்னு நடந்து பார்த்துத் தீர்மானிக்காதீங்க. விறைப்பான சோல், நடந்தா எந்த ஷூவிலயும் குதிகால் எழும்பத்தான் செய்யும். உட்கார்ந்துக்கிட்டு, கூட வந்தவரை ஷூவோட முன்பகுதியைத் தரையோட அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் குதிகாலை மேலே இழுங்க. ரெண்டு, மூணு மி.மீ. அசைஞ்சா பரவாயில்லை. அப்புறம் படி விளிம்புல கிளீட் வர்ற இடத்தை மட்டும் ஊன்றி, குதிகால் அந்தரத்துல இருக்க, முழங்காலை மடக்கி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. பாதம் விரியுறது இதுலதான் தெரியும். கார்பன் சோல் டைல்ஸ்ல வழுக்கும், கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க.

கால் மணி நேரமாவது போட்டுக்கிட்டே இருங்க. கழட்டி சாக்ஸை உருவினதும் சுண்டுவிரல் முடிச்சுல சிவப்புத் தடம் இருந்தா, அறுபதாவது கிலோமீட்டர்ல வலிக்கப்போறது அந்த இடம்தான்.

துருச்சங்கிலி:
எல்லாம் சரி, ஆனா காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி கிளீட்டைப் பாருங்க. மரத்துப் போறதுக்கு ஷூவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஷூ போட்டபடியே கட்டைவிரல் முடிச்சையும் சுண்டுவிரல் முடிச்சையும் தடவிப் பார்த்து, வெளிப்பக்கம் டேப்புல குறிச்சுக்கோங்க. பெடல் அச்சு இந்த ரெண்டு குறிக்கும் நடுவுல வரணும். அதுக்கு முன்னாடி போச்சுன்னா அழுத்தம் மொத்தமும் விரல் எலும்புகளுக்கு நடுவுல போற நரம்பு மேல. 3, 4 மி.மீ. பின்னாடி தள்ளி, போல்ட்டுக்குத் துளி கிரீஸ் வச்சு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குங்க. சீட்டையும் ஒண்ணு, ரெண்டு மி.மீ. இறக்க வேண்டி வரலாம்.

எதிர்காற்று:
பழைய ஷூ இன்சோல் மேல நின்னு பார்த்துட்டேன். வலது கால் சரி. இடது காலில முடிச்சு 4 மி.மீ. வெளியே நிக்குது. தனித்தனியா அளந்தா இடது 267, வலது 263. கிளீட் ஏற்கனவே நடுவுலதான் இருக்கு. ஓட்ட ஓட்ட இளகிடும்னு கடையில சொன்னாங்களே?

மிதிகட்டை:
இளகாது. செயற்கைத் தோல் அப்படியேதான் இருக்கும். நிஜத் தோல் அகலத்துல கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நீளத்துல துளியும் இல்லை. போன்ட் (Bont) கம்பெனி ஷூ மாதிரி சூடாக்கி வடிவம் மாத்துறதுன்னா அந்த முடிச்சு இருக்கிற இடத்தை மட்டும் வெளியே தள்ளலாம், ஆனா அதுலயும் நீளம் முதல்லயே சரியா இருக்கணும். வாங்குறது பெரிய காலுக்கு, அதாவது இடதுக்கு. வலதுல தொளதொளன்னு இருந்தா இன்சோலுக்கு அடியில மெல்லிய அட்டை இன்சோல் ஒண்ணு போட்டா அடங்கிடும். ஆன்லைன்ல வாங்கினா முடிவெடுக்குற வரைக்கும் கிளீட்டைப் பூட்டாதீங்க, பாய் மேல மட்டும் போட்டுப் பாருங்க. சோல்ல கீறல் விழுந்தா திருப்பி எடுக்க மாட்டாங்க.

ஈசிஆர்விடியல்:
ஒண்ணு விட்டுப்போச்சு. சென்னை வெயில்ல 200 கி.மீ. பிரவே (நேரக்கெடுவுக்குள்ள முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம்) போறவங்களுக்குப் பாதி வழியில பாதம் இன்னும் வீங்கும். போவா (BOA) கம்பெனி டயல்ல எல்6 (L6) வகை இழுத்தா மொத்தமா அவிழ்ந்துடும், ஓட்டிக்கிட்டே லேசாத் தளர்த்த முடியாது. லி2 (Li2) வகையைப் பின்பக்கம் திருப்பினா சொடக்கு சொடக்கா விடும். அகல வார்ப்புல ரெண்டும் கிடைச்சா ரெண்டாவதை எடுங்க.