புறாதான் வருகிறது, படமும் மங்கல்: தோட்டத்தில் எதை மாற்றுவது?

முற்றத்துச்சிட்டு
திருச்சியில் வீட்டுக்குப் பின்னால் 20க்கு 30 அடி இடம். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, சுவரோரம் இட்லிப்பூச் செடிகள். தினமும் காலையில் மதில்மேல் பச்சரிசியும் கோதுமையும் போடுகிறேன், பக்கத்தில் வாளியில் தண்ணீர். வருவதெல்லாம் மாடப்புறாவும் காக்கையும்தான். கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் முருங்கையில் இருக்கின்றன, கீழே இறங்குவதில்லை. படம் எடுப்பது சமையலறை ஜன்னல் கண்ணாடி வழியாக: 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ், கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, லென்ஸ் துவாரம் எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/250 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400. ஜன்னலுக்கும் மதிலுக்கும் 7 மீட்டர். பறவை சிறியதாக, கண் மங்கலாக வருகிறது. லென்ஸ் மாற்ற வேண்டுமா? தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

கரிச்சான்
முதலில் தானியத்தை நிறுத்துங்கள். புறாவை வரவழைப்பது அதுதான். கொண்டைக்குருவிக்குப் பழமும் பூச்சியும்தான் சாப்பாடு, கோதுமை எவ்வளவு போட்டாலும் இறங்காது. நன்றாகக் கனிந்த பப்பாளியைப் பாதியாக வெட்டி, விதையோடு 5 அடி உயரத்தில் வையுங்கள். மதிலில் வேண்டாம், முருங்கையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு கம்பம் நடுங்கள். மரத்திலிருந்து ஒரே தாவலில் வந்து போகும் தூரம் அது. பூனை பதுங்கவும் இடமிருக்காது. காலை ஆறரைக்கு வைத்தால் நண்பகலுக்குள் எடுத்துவிட வேண்டும். புளித்த பழத்துக்கு ஈ மொய்க்கும், இரவில் எலி வரும்.

எறும்புக்குக் கடையில் விற்கும் எறும்புச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. கிரீஸும் வேண்டாம், இறகில் ஒட்டினால் பறவையால் அதைக் கழுவ முடியாது. கம்பத்தை மண் நிரப்பிய டப்பாவில் நட்டு, டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் போதும்.

வாளியை உடனே எடுத்துவிடுங்கள். வழுக்கும் சுவர், ஆழம். உள்ளே விழுந்த குருவி ஏற முடியாமல் மூழ்கும். ஓர் அடி அகல மண்தட்டில் 3 செ.மீ. தண்ணீர், நடுவில் ஒரு சொரசொரப்பான கல். தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர்க்கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டி வைக்கும், தட்டு காய்ந்தாலும் அது சாகாது. பழத்தை விட இந்தத் தட்டுதான் உங்களுக்குப் படம் தரும் என்பது என் கணிப்பு. தையல்சிட்டு, குண்டுகரிச்சான், தவிட்டுக்குருவி எல்லாமே குளிக்க வரும்.

சிட்டுக்குருவிக்குத் தானியம் போட்டே ஆக வேண்டுமென்றால், ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட்மெஷ்ஷில் (பற்றவைத்த கம்பி வலையில்) கூண்டு செய்து, நடுவில் கம்பும் தினையும் வையுங்கள். கம்பிக்கும் தட்டுக்கும் 15 செ.மீ. இடைவெளி இருந்தால் புறாவின் அலகு எட்டாது. அணில் நுழையும், அதைத் தடுக்க வழியில்லை.

எஃப்_எட்டு
லென்ஸ் போதும், தூரம்தான் அதிகம். கிராப் சென்சாரில் 300 மி.மீ. வைத்தால், 7 மீட்டரில் படத்தின் அகலம் சுமார் 56 செ.மீ. கொண்டைக்குருவியின் நீளம் 20 செ.மீ., அதனால் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும். கம்பத்தை 4 மீட்டருக்குக் கொண்டுவந்தால் அகலம் 32 செ.மீ. ஆகிவிடும், அது சரியான அளவு. 3 மீட்டருக்குப் போனால் வாலோ அலகோ வெட்டுப்படும். அந்தத் தூரம் தேன்சிட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4 மீட்டரில் எஃப் 5.6 வைத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் வெறும் 4 செ.மீ. கண் கூராக இருந்தால் வால் மங்கும், அல்லது நேர்மாறாக. எனவே பறவை பக்கவாட்டில் உட்கார வேண்டும். பட்டையோடு உள்ள ஒரு கொய்யாக் கிளையை, கட்டைவிரல் தடிமனில், கேமராவுக்குக் குறுக்காகக் கட்டுங்கள். பழத்தை அதன் பின்பக்கம் ஆணியில் குத்தினால் படத்தில் தெரியாது. பறவை முதலில் கிளையில் நின்று நோட்டம் பார்த்துவிட்டுத்தான் பழத்துக்குப் போகும், அந்த இரண்டு மூன்று விநாடிகள்தான் உங்களுடையவை. கிளைக்குப் பின்னால் மதில் வரை உள்ள 3 மீட்டரும் காலியாக இருக்கட்டும். மதில் ஒட்டி இருந்தால் பாசியும் விரிசலும் படத்தில் வந்துவிடும்.

மங்கலுக்கு முக்கியக் காரணம் 1/250. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவை தலை திருப்புவதை அல்ல. 1/1000 வையுங்கள், தேன்சிட்டுக்கு 1/2000. ஐஎஸ்ஓ 3200 வரை ஆட்டோவில் விடுங்கள். படத்தில் குருணை (புள்ளிப்புள்ளியாக) தட்டினாலும் பரவாயில்லை, மங்கலைச் சரிசெய்ய முடியாது. ஃபோகஸ் தொடர் முறையில் (பறவை அசைந்தாலும் பின்தொடரும்), ஒற்றை ஃபோகஸ் புள்ளி பறவையின் கண்ணின் மேல். குண்டுகரிச்சான் ஆண் வெயிலில் நின்றால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 குறையுங்கள், இல்லையென்றால் வயிற்று வெள்ளை வெளிறிப்போகும். ஜன்னலைத் திறந்தே எடுங்கள். முடியாவிட்டால் விளக்கை அணைத்து, லென்ஸ் முனையிலுள்ள ஹூடைக் கண்ணாடியைத் தொடும்படி வைத்து, நேராகப் பாருங்கள். சாய்த்தால் கூர்மை போகும். ஒன்பது மணிக்கு மேல் சிமெண்ட் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்றும் படத்தைக் குழப்பும்.

வேலிப்பூ
சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும். இட்லிப்பூவும் முருங்கைப்பூவும் இருக்கும்போது தேவையும் இல்லை. ஒரு செம்பருத்தி சேர்த்தால் நல்லது. தேன்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியையும் சிலந்தியையும்தான். எனவே முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் மருந்து அடிக்காதீர்கள். அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போதே துடைப்பத்தால் வழித்துச் சோப்புத் தண்ணீரில் தள்ளுங்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது, எதிரி வந்துவிட்டதென்று அது கூட்டை விட்டு அலையும்.

முற்றத்துச்சிட்டு
மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம்: தொட்டியில் இருக்கும் கத்தரிச் செடியில் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. முட்டை இருக்கிறது. இலை மறைக்கிறது, கொஞ்சம் விலக்கி எடுக்கலாமா?

வேலிப்பூ
தயவுசெய்து வேண்டாம். அந்த இலைதான் அதற்குக் கூரை. விலக்கினால் வெயில் நேராக விழும், காக்கைக்கும் வால்காக்கைக்கும் இடம் தெரிந்துவிடும். பொரிக்கச் சுமார் 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் 14 நாள். தொட்டியை நகர்த்தாமல் வேரோரம் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தாய் இரை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போகும் முன் உட்காரும் கிளை ஒன்று இருக்கும், தூரத்திலிருந்து அதைக் கண்டுபிடித்து அங்கே ஃபோகஸ் வையுங்கள்.